ஆறாவது சரணம்

டாக்டர் எவாரிஸ்ட் காடெட்டைக் கைது செய்தவன் நான்தான். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நிறைந்த சபையில், விசில் ஊதி, தோளில் கை வைத்துக் கைது செய்தேன். அன்று மத்தியானம் வரை அவருக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத் தெருவாக வேன் ஓட்டியவனும் நான்தான்.

துரோகம் என்று நினைக்காதீர்கள். மற்ற நாளெல்லாம் நான் கத்பர்ட் போலியஸ், வேன் டிரைவர், டாக்டரின் தேர்தல் ஏஜென்ட். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ரோஜாச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர். தொப்பி உண்டு, விசில் உண்டு, என் தோலைவிடப் பழைய பெல்ட் ஒன்றும் உண்டு. சங்கக் கூடத்துக்குள் விசில் ஊதினால் மந்திரியும் எழுந்து நிற்க வேண்டும். அது எங்கள் தீவான செயின்ட் லூசியாவின் சட்டம் இல்லை. அதைவிடப் பழைய சட்டம்.

எங்கள் ஊரான பெல் ஆன்ஸில் பிறந்தவன் ஒன்று ரோஜா, இல்லையென்றால் வாடாமல்லி. அம்மா எந்தப் பூவோ பிள்ளையும் அந்தப் பூ. இரண்டு சங்கத்துக்கும் ராஜா, ராணி, நீதிபதி, போலீஸ், நர்ஸ் எல்லாம் உண்டு. ரோஜாக்காரர்கள் நாங்கள் கொட்டடித்து, வயலின் இழுத்து, ஆடிக்கொண்டே பாடுவோம். வாடாமல்லிக்காரர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சர்ச்சில் பாடுவதுபோலப் பாடுவார்கள். நாங்கள் கூச்சல் கும்பல் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு இடுப்பே கிடையாது என்று நாங்கள் சொல்வோம்.

டாக்டர் வாடாமல்லி. சாதாரண வாடாமல்லி இல்லை. அவருடைய அம்மா ஹெர்மீன் சாகும்வரை வாடாமல்லி ராணி. இப்போது அக்கா யூலாலி ராணி. அந்த வீட்டு வாசலில் நாய்கூட நிமிர்ந்துதான் உட்காரும்.

ஊசி போடும் டாக்டர் அல்ல அவர். பிரசாரத்தின் முதல் நாளே ஒரு கிழவர் பேன்ட்டை மடித்துவிட்டு முட்டியைக் காட்டினார்.

"ஐயா, நான் சரித்திர டாக்டர்."

"இந்த முட்டியும் சரித்திரம்தான் டாக்டர், நல்லாப் பாருங்க."

உபகாரச் சம்பளத்தில் படித்து, ஜமைக்காவிலும் லண்டனிலும் பாடம் சொல்லிக் கொடுத்து, எங்கள் ஊரைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியவர். எந்தத் தோட்டத்து வெள்ளைக்காரன் எந்தக் குடும்பத்துக்குத் தாத்தா, எந்தக் கிழவி யாருக்கு இரண்டாவது வீடு என்று பெயர் போட்டு எழுதியிருந்தார். இரண்டு வருஷம் ஊரே அவரைத் திட்டியது. அப்புறம் அதே புத்தகத்தை வைத்துத்தான் கல்யாணச் சண்டைகளைத் தீர்த்துக்கொண்டது.

அவர் அரசியலுக்கு வந்த காரணம் ஒன்றே ஒன்று. கடற்கரையை ஒட்டிப் பழைய கரும்புத் தோட்டத்தின் புல்வெளி இருக்கிறது. அடிமைக் காலத்தில் செத்தவர்களை அங்கேதான் புதைத்தார்கள். கல் கிடையாது, சிலுவை கிடையாது, ஆடு மேயும். டாக்டர் பழைய வரைபடங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்து எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தொகுதியில் மறுபடி நிற்கிற மந்திரி குளோவிஸ் டெல்மார் அந்த நிலத்தை ஹோட்டல் கட்ட விற்கப்போவதாக அறிவித்தார். ஜெயித்து வந்ததும் கையெழுத்து என்றார்.

"எழுதிப் பார்த்தேன், படிக்கல. பேசிப் பார்த்தேன், கேக்கல," என்றார் டாக்டர் என்னிடம். "தேர்தல்ல நின்னுதான் பார்க்கணும் போல, கத்பர்ட்."

அவர் தோற்றால் புல்டோசர். அது எல்லோருக்கும் தெரியும். ஊரில் ரோஜா பாதி, வாடாமல்லி பாதி. ஒரு பூவை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது என்பதும் தெரியும்.

வியாழக்கிழமைதான் சனி பிடித்தது.

ரோஜாத் திருநாள் ஆகஸ்டு கடைசியில் வரும். அதற்கு முன் வாராவாரம் கூடத்தில் பாட்டு. எங்கள் பழைய தலைமைப் பாடகி மா ஸெனோபிக்கு ஈஸ்டருக்கு முன்னால் வாதம் அடித்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இப்போது பாடுகிறவள் வெர்லின், பள்ளிக்கூட டீச்சர். தொண்டையைத் திறந்தால் வளைகுடாவில் நிற்கிற படகு திரும்பிப் பார்க்கும். மா ஸெனோபியை கௌரவிக்க அவரே கட்டிய பாட்டு ஒன்றை இந்த வருஷம் பாடுவது என்று வெர்லின் முடிவு செய்தாள். மா ஸெனோபி அந்தப் பாட்டைப் பாடுவதைப் பல வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வரிகள் டாக்டரின் புத்தகத்தில் இருந்தன. வாலிபத்தில் அவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மா ஸெனோபியிடம் பதிவு செய்தவை.

வியாழக்கிழமை ஒத்திகையில் வெர்லின் ஐந்து சரணத்தையும் பாடி முடித்தாள். கிழவி நாற்காலியில் இருந்தபடி இடது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்தார். மூடினார். அப்புறம் ஒரு விரல்.

"ஆறா? மா, நாங்க கேட்டதே அஞ்சுதானே?" என்றாள் வெர்லின்.

மறுபடி ஐந்து. மறுபடி ஒன்று. அப்புறம் அந்த ஒரு விரலை நீட்டி, வெர்லின் கையில் இருந்த புத்தகத்தின் பின்னட்டையைத் தொட்டார். அங்கே டாக்டரின் போட்டோ இருந்தது.

நீதிபதி டைட்டஸ்தான் முதலில் பேசினார். வெளியே மீன் விற்பவர், உள்ளே நீதிபதி. "ஆறாவது சரணத்தை அந்த ஆள் ஒளிச்சு வச்சிருக்கார்யா. சனிக்கிழமை வரார்ல? கேஸ் போடு."

குற்றச்சாட்டை முன்கூட்டிக் குற்றவாளியிடம் சொல்லக்கூடாது. அது சங்க விதி. நான் இன்ஸ்பெக்டர். வாயைத் தைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேனில் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"டாக்டர், இன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு படுத்துட்டா என்ன?"

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குச் சரியில்ல டாக்டர்."

"அப்ப நீ படு. நான் நடந்து போறேன்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேட்பாளர் ரெண்டு கூடத்துலயும் தலை காட்டணும். போகலைன்னா ரோஜாவை அவமதிச்சேன்னு டெல்மார் நாளைக்கே மைக் போட்டுக் கத்துவான்."

அதுவும் சரிதான். வண்டியை யூலாலி அம்மாள் வீட்டுக்குத் திருப்பினேன். கூடத்துக்குப் போகுமுன் அக்காவிடம் உத்தரவு வாங்காமல் டாக்டர் போகமாட்டார்.

யூலாலி அம்மாள் கோக்கோ டீயும் உப்புமீன் வடையும் கொண்டுவந்து வைத்தார். சுவரில் ஹெர்மீன் ராணியின் போட்டோ. ஊதாப் பட்டை, மணிமுடி, ஈயைக்கூடச் சிரிக்க விடாத முகம்.

"போ. ராஜா ராணிக்கு வணக்கம் வை. கொடுக்கிற இஞ்சி பீரைக் குடி. வாயை மட்டும் திறக்காதே," என்றார்.

"நான் என்னக்கா பேசப் போறேன்?"

"பேசறதைச் சொல்லல. பாடறதைச் சொல்றேன். ஹெர்மீன் மகன் ரோஜாக் கூடத்துல ஒரு வரி பாடினான்னு காதுல விழுந்தா, வாடாமல்லி ஓட்டு ஒண்ணுகூட உனக்கு விழாது. என் ஓட்டும் சேர்த்துத்தான்டா சொல்றேன்."

"கூடப்பிறந்தவனுக்கே போடமாட்டியா?"

"கூடப்பிறந்தது நீ. நான் வைக்கிற மணிமுடி அம்மாவோடது." போட்டோவைக் காட்டினார். "அந்தம்மா வாழ்நாள்ல ஒரு தடவை கொட்டுச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினது உண்டா?"

டாக்டர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவையே பார்த்தார். வடையைக் கடிக்காமலே தட்டில் வைத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

யூலாலி அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏய் ரோஜா! என் தம்பியைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து விடு."

"சரிங்க ராணி," என்றேன். என் சட்டைப் பையில் விசில் சூடாக இருப்பதுபோல் இருந்தது.

*

கூடம் நிரம்பி வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் வாடாமல்லிக் கூட்டம். அதுவும் வழக்கம்தான். அடுத்த சங்கம் பாடினால் அழைப்பில்லாமல் உள்ளே வரக்கூடாது, ஆனால் ரோட்டில் நின்று குறை கேட்கலாம். ஊதாத் தலைத்துணிகளுக்கு நடுவே யூலாலி அம்மாளும் நின்றிருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு.

முன்வரிசையில் மந்திரி டெல்மார். சங்கத்தின் புரவலர். கோட்டில் ரோஜா. கூரைத் தகடு, சிமென்ட் எல்லாம் அவர் கொடுத்ததுதான். எங்கள் தலைக்கு மேல் இருந்த தகடும் அவருடையதே. ஓரத்தில் மா ஸெனோபி, மடியில் போர்வை, இடது கை அதன்மேல்.

டாக்டர் உள்ளே வந்தார். ராஜாவுக்கும் ராணிக்கும் குனிந்து வணங்கினார். தப்பே இல்லை. உட்கார்ந்தார். இஞ்சி பீர் வந்தது. குடித்தார்.

வெர்லின் எழுந்தாள். "நீதிபதி அவர்களே, ஒரு புகார்."

டைட்டஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் விசிலை ஊதினேன்.

"டாக்டர் எவாரிஸ்ட் காடெட்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எழுந்திருங்க. ரோஜா ராணியின் பெயரால் உங்களைக் கைது பண்றேன்."

"என்னப்பா குற்றம்? காலை ஆட்டிட்டேனா?" என்று சிரித்தார். கூடமும் சிரித்தது. காலை ஆட்டியதற்கு, கொட்டாவி விட்டதற்கு, மாமியாரை முறைத்ததற்கெல்லாம் கேஸ் உண்டு எங்களிடம்.

"பாட்டுத் திருட்டு," என்றார் டைட்டஸ். "மா ஸெனோபி கட்டினது ஆறு சரணம். உம்ம புத்தகத்துல அஞ்சு. ஆறாவது எங்க?"

டாக்டரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெல்ல இறங்கியது.

"அது வந்து... பதிப்பு நேரத்துல, ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது..."

"இங்க அடிக்குறிப்பெல்லாம் செல்லாது கூட்டாளி," என்றார் டைட்டஸ். "இருக்கா, இல்லையா?"

"டேப் லண்டன்ல பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

"டேப்பை யார் கேட்டா? உம்ம மண்டையில இருக்கான்னு கேக்குறேன். அதுலயும் பூஞ்சையா?"

கூடம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்: "எங்க அத்தையோட பழைய கதையெல்லாம் ஞாபகமா எழுதத் தெரிஞ்சுதே, இது மறந்துபோச்சா?"

"இருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப பாடும். அதான் தண்டனை."

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. வெளியே யூலாலி அம்மாள் கட்டிய கையை எடுக்கவில்லை. பாடினால் வாடாமல்லி போச்சு. பாடாவிட்டால் ரோஜா போச்சு. எந்தப் பக்கம் போனாலும் புல்டோசருக்கு வழி.

டெல்மாருக்கு இதைக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாடட்டுமே! நம்ம கூடத்துல நம்ம பாட்டு. டாக்டருக்கு ரோஜான்னா கேவலமா என்ன?"

நான் பக்கத்தில் போய்க் கைதியின் காதில் முணுமுணுத்தேன். "தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிடுங்க டாக்டர். அபராதமா ஒரு பாட்டில் ரம் வாங்கித் தரேன்னு சொல்லுங்க. டைட்டஸை நான் பார்த்துக்கறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மா ஸெனோபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி கையைத் தூக்கினார். ஐந்து. மூடினார். ஒன்று. அந்த ஒரு விரல் நடுங்கிக்கொண்டே நின்றது, கீழே இறங்கவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அந்தச் சரணம் என் அம்மாவைப் பத்தினது."

ரோட்டில் ஏதோ சலசலப்பு.

"மா ஸெனோபி அதைக் கூடத்துல ஒரு தடவைகூடப் பாடல. எனக்கு மட்டும்தான் பாடினாங்க. 'உங்கம்மா இருக்கிற வரைக்கும் இது வெளிய வரக்கூடாதுடா. அவ போனதுக்கப்புறம் புத்தகத்துல போடு'ன்னு சொன்னாங்க. புத்தகம் வரும்போது அம்மா இல்ல. போட்டிருக்கலாம். நான் போடல."

"ஏன் போடல?" என்றாள் வெர்லின். டீச்சர் குரல்.

"வெக்கம்." கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "உங்க பாட்டிமார் எல்லாரையும் நான் சந்தியில கொண்டுவந்து நிறுத்தினேன். பேரோட, வருஷத்தோட. கேட்டா சரித்திரம்னு சொன்னேன். என் அம்மாவை மட்டும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். அதுவும் சரித்திரம்தான்னு எனக்கு அப்பவே தெரியும். இப்ப உங்ககிட்ட வந்து, புல்லுக்கடியில கிடக்கிறவங்களை மறைக்காதீங்கன்னு ஓட்டுக் கேக்குறேன். மறைச்சு வச்ச வாயால எப்படிக் கேக்குறது?"

பின்வரிசைக்காரிகூட வாயை மூடிக்கொண்டாள்.

"கொட்டு அடி," என்றார் டைட்டஸ், கொட்டுக்காரனைப் பார்த்து.

டாக்டர் முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தார்.

*ஆண்டை போன பாதையில ஆடிவர்றா ரோஜா ராணி,*
*தூண்டில் போட்ட மீனைப் போலத் துள்ளிவர்றா ரோஜா ராணி...*

கடவுளே, என்ன குரல் அது! ஆட்டுக்குட்டியைக் கிணற்றில் போட்டதுபோல் இருந்தது. கொட்டு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். இரண்டாவது சரணத்தில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. மூன்றாவதில் ராஜாவே கிரீடத்தைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்தார். ஆனால் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மா ஸெனோபி இடது கையால் தொடையில் தட்டித் தட்டி அவரை இழுத்துத் தாளத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து முடிந்தது. மூச்சு வாங்கினார். ஜன்னலைப் பார்க்கவில்லை.

*வாடாமல்லி ராணியம்மா வாசக்கதவ சாத்தி வச்சா,*
*கூடாதுன்னு சொன்ன கொட்டு கொல்லப்பக்கம் கேக்க வந்தா,*
*சோடு கழட்டி ஓரம் வச்சா, சொல்லாம ஆடி நின்னா,*
*ஆடி முடிச்ச ஹெர்மீனுக்கு இடுப்பு மட்டும் ரோஜாடி!*

நான் வாய் பிளந்து நின்றேன். ஹெர்மீன் ராணி! எங்கள் கூடத்துக் கொல்லைப்புறத்தில், சீமைப்பலா மரத்து இருட்டில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் கொட்டுக்கு ஆடியிருக்கிறார். உள்ளே பாடிய மா ஸெனோபிக்கு மட்டும் தெரியும். ஹெர்மீன் செத்ததும் கிழவி ஏன் அந்தப் பாட்டை நிறுத்தினார் என்பதும் எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. யாருக்காகப் பாடினாரோ அவர் கொல்லைப்புறத்தில் இல்லை.

மா ஸெனோபியின் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதி சிரித்தது. அந்தப் பாதியில்தான் கண்ணீரும் இறங்கியது.

கூடம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். யூலாலி அம்மாள் அங்கே இல்லை.

டெல்மார் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்ல பாட்டு. பெத்த தாயையே நடுச் சபையில காட்டிக்கொடுக்கிற மனுஷன், நாளைக்கு ஊரை என்ன பண்ணுவார்னு நான் சொல்லணுமா?"

"உட்காரும், மந்திரி," என்றது ஒரு குரல்.

வாசலில் யூலாலி அம்மாள். ஊதாத் தலைத்துணி, ஊதாப் பட்டை. நிலைப்படிக்கு வெளியேதான் கால் இருந்தது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். வாடாமல்லி நிறம் அந்த நிலையைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை.

"ராணி, விதி தெரியும்ல..."

"நகருடா."

"ராணி..."

"எசப்பாட்டுக்கு விதி என்ன?"

நான் டைட்டஸைத் திரும்பிப் பார்த்தேன். டைட்டஸ் உள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாட வந்தவங்களைத் தடுக்கக்கூடாது."

நகர்ந்தேன்.

யூலாலி அம்மாள் தம்பியைப் பார்த்தார். பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபம் இருந்தது, அது நிச்சயம். தம்பி தலையைக் குனியவில்லை. "நிஜமாடா?" என்று அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. டாக்டர் ஆமென்று தலையை ஆட்டினார். யூலாலி அம்மாளின் கண் அங்கிருந்து மா ஸெனோபியிடம் போனது. கிழவி தன் நல்ல கையால் கொல்லைக் கதவைக் காட்டினார். பிறகு தரையில் ஒரு ஜோடி செருப்பு இருப்பதுபோல், அதை எடுத்து ஓரமாக வைப்பதுபோல் சைகை செய்தார்.

யூலாலி அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிரிக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குக் கிளம்பும்போது காலைத் தேச்சுக்கிட்டே வரும் அம்மா," என்றார். "வாயுன்னு சொல்லும். நான் எத்தனை ஞாயித்துக்கிழமை எண்ணெய் காய்ச்சி வச்சேன்!"

அப்புறம் பட்டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, சர்ச் குரலில் எடுத்தார்:

*கொட்டு தப்பிப் போகுதுன்னு கொல்லைவழி வந்தா அம்மா,*
*தட்டுக் கெட்ட ரோஜாவுக்குத் தாளம் சொல்லித் தந்தா அம்மா,*
*விட்டுப்போன பாட்டை வந்து வீட்டுப்பிள்ளை பாடிப்புட்டான்,*
*கட்டைக் குரல் தம்பி பாட்டைக் கழுதை கேட்டாச் சிரிக்குமடி!*

கூரைத் தகடு பறந்துவிடும்போல் இருந்தது சிரிப்பு. உள்ளே ரோஜா சிரித்தது, வெளியே ரோட்டில் வாடாமல்லி சிரித்தது. டைட்டஸ் மேஜையைக் குத்தினார். மந்திரி டெல்மார் மட்டும் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல், உட்காரவும் மறந்து, கோட்டில் இருந்த ரோஜாவைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் அடுத்த தொகுதியில் பிறந்தவர். பாவம், அவருக்கு எந்தப் பூவும் கிடையாது.

பாடிய வேகத்தில் யூலாலி அம்மாளின் வலது கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை டைட்டஸ் பார்த்தார்.

விசில் ஊதினேன்.

"வாடாமல்லி ராணி யூலாலி காடெட்! ரோஜா ராணியின் பெயரால் உங்களைக் கைது பண்றேன். எல்லை தாண்டின குற்றம்."

"தண்டனை?" என்றார் யூலாலி அம்மாள், தலை நிமிர்ந்து.

டைட்டஸ் தொண்டையைக் கனைத்தார். "உங்க அம்மா கொல்லையில ஆடினதை, நீங்க கூடத்துல ஆடணும்."

ரோட்டில் வாடாமல்லிக் கூட்டம் மூச்சைப் பிடித்தது. கொட்டுக்காரன் கையைத் தூக்கிவிட்டு அடிக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தான். ஒரு பொடியன் ஆர்வக்கோளாறில் கத்தினான்: "ராணி, செருப்பைக் கழட்டுங்க!"

யூலாலி அம்மாள் அவனைப் பார்த்தார். சுவர்ப் போட்டோவின் அதே முகம்.

"கழட்ட மாட்டேன். எங்கம்மா கொல்லை வழியா வந்தா, கழட்டினா. நான் முன்வாசல் வழியா வந்திருக்கேன்." பிறகு கொட்டுக்காரனிடம்: "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? அடி!"

அடித்தான். அந்த அம்மாளுக்கும் இடுப்பு இருந்தது.

*

டாக்டர் ஜெயித்தார். பெல் ஆன்ஸ் பெட்டியில் இரண்டு பூவும் சேர்ந்தே விழுந்திருந்தன. மலைமேல் ஊர்களில் மயிரிழைதான்.

நல்ல அரசியல்வாதி என்று மட்டும் சொல்லமாட்டேன். நாடாளுமன்றத்தில் பேச எழுந்தால் மூன்று நூற்றாண்டு பின்னால் போய்த்தான் ரோட்டுக் குழிக்கு வருவார். அதற்குள் மணி அடித்துவிடும். எங்கள் தெருவில் குழி அப்படியே இருக்கிறது. அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். ஆனால் அந்த ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் தோற்றார். கடற்கரைப் புல்வெளியைச் சுற்றி இடுப்பளவுக் கல்சுவர் நிற்கிறது. உள்ளே ஹோட்டலும் கிடையாது, ஆடும் கிடையாது. ஒரு வரிசை ரோஜா, ஒரு வரிசை வாடாமல்லி. கடல் காற்றுக்கு ரோஜா சரியாக வருவதில்லை என்று வாடாமல்லிக்காரர்கள் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறார்கள்.

மா ஸெனோபி அடுத்த வருஷத் திருநாள் வரை இருந்தார். வெர்லின் ஆறு சரணத்தையும் பாடினாள். ஏழாவதாக ரோட்டிலிருந்து யூலாலி அம்மாள் பாடினார். கிழவி கையைத் தூக்கி ஐந்து காட்டி, மூடி, இரண்டு விரல் காட்டினார்.

டாக்டர் ஒவ்வொரு வருஷமும் வருகிறார். ஓட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வந்து உட்கார்ந்து இஞ்சி பீர் குடிக்கிறார். ஆறாவது சரணம் வரும்போது அடக்க முடியாமல் சேர்ந்து பாடிவிடுகிறார்.

என்ன செய்வது? சட்டம் சட்டம்தான். விசிலை ஊதிக் கைது செய்கிறேன்.

"என்னப்பா குற்றம்?" என்கிறார்.

"அதே குரல்தான் டாக்டர்," என்கிறேன்.